தட்டிய தட்டு



இம்முறை ஒரு பழைய பிக்-அப் வண்டியின் கியர் பெட்டியைக் கழற்றி மாட்டிய கதையை எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருந்தது. எங்கள் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை அந்த வண்டியை நம்பி நின்றது.

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகளின் நிலையை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பள்ளி தோட்டத்தின் உள்ளே இருக்கும். பிள்ளைகள் வெளியே குடியிருப்பார்கள். லயங்கள் காலியாகிவிட்டன. பெற்றோர் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் பக்கத்துக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்துவிட்டனர். வீட்டருகே தேசியப் பள்ளி இருக்க, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டி, செம்மண் பாதையில் இறங்கித் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவதென்றால் அதற்கு மனம் மட்டும் போதாது, வண்டியும் வேண்டும். அவ்வாண்டு எங்கள் பள்ளியில் 33 மாணவர்கள். எண்ணிக்கை முப்பதைத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ இரண்டு வகுப்புகளை ஒன்றாக இணைத்து நடத்தும் பேச்சு எழும். நான் சொல்லும் பிக்-அப்பில் தினமும் நான்கு பிள்ளைகள் வந்தார்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

வண்டியின் உரிமையாளர் அந்நால்வரில் இருவருக்குத் தந்தை, மற்ற இருவருக்குப் பெரியப்பா. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பகலில் அதே வண்டியில் சிறுதோட்டக்காரர்களின் செம்பனைக் குலைகளை ஏற்றிச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு செல்வார். குலை வெட்டியபின் காத்திருக்காது. தாமதமானால் எண்ணெயில் அமிலம் கூடும், விலை இறங்கும். ஆகவே மழை பெய்தாலும் சேறானாலும் வண்டி ஓடியாக வேண்டும்.

இடையில் ஒரு செய்தி. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டு உருவானது இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான். ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தொடங்கினார். பின்னர் 1930இல் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்காகப் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றவரும் அவரே. அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனைக்குப் புகழ்பெற்ற தோட்டத்தின் பெயரில் தென்னை நிற்கிறது, அதுவும் தமிழில். மாணவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும்.

வண்டிக்கு வருவோம். அது 2004ஆம் ஆண்டில் பதிவான டீசல் வண்டி. இருவரிசை இருக்கை, நான்கு சக்கர இயக்கம், தானியங்கி கியர். சென்ற ஆண்டின் நடுவில் அதிலிருந்து ஓர் ஓசை கிளம்பியது. வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது 'டொக் டொக்' என்று யாரோ கதவைத் தட்டுவது போல. வேகம் கூட்டினால் ஓசை மங்கிவிடும். பள்ளி வாசலில் அவ்வண்டி நிற்கும்போது என் வகுப்பறை வரை கேட்கும்.

ஒரு பட்டறையில் காட்டினார். காது கொடுத்துக் கேட்டவர்கள், எஞ்சினுக்குள் கனெக்டிங் ராட் பேரிங் போய்விட்டது, இனி ஓட்டினால் எஞ்சின் உடையும், ஜப்பானிலிருந்து வரும் பழைய எஞ்சின் ஒன்றை மாற்றிவிடலாம் என்றார்கள். ஆறாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கேட்டார்கள். அவரிடம் அத்தொகை இல்லை. வண்டியை இருந்தபடியே விற்றுவிட்டு, பிள்ளைகளை வீட்டருகே உள்ள பள்ளிக்கு மாற்றிவிடுவதாக என்னிடம் வந்து சொன்னார். மாற்றத்துக்கான பாரத்தையும் கேட்டார். கோபமோ குறையோ அவர் பேச்சில் இல்லை. ஆசிரியர்களுக்குத் தெரியும், சண்டை போட்டுக்கொண்டு போகும் பெற்றோரைவிட இப்படி அமைதியாகப் பாரம் கேட்கும் பெற்றோரைத் தடுப்பது கடினம்.

"பாரம் அடுத்த வாரம் தருகிறேன். அதற்குள் இன்னோர் ஆளிடம் காட்டுங்கள்" என்றேன்.

அந்த இன்னோர் ஆள் என் பழைய மாணவன். 2003ஆம் ஆண்டு முதலாம் ஆண்டில் சேர்ந்தவன். அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் என்ற திட்டம் தொடங்கிய அதே ஆண்டு. அத்திட்டம் கைவிடப்படும் என்று 2009இல் அரசாங்கம் அறிவித்தபோது இவன் தொடக்கப் பள்ளியை முடித்து வெளியேறியிருந்தான். யு.பி.எஸ்.ஆர். தேர்வில் பெரிதாக எதுவும் வாங்கவில்லை. ஐந்தாம் படிவத்துக்குப் பின் தொழிற்பயிற்சிக்குச் சென்று மலேசியத் திறன் சான்றிதழை மூன்றாம் நிலை வரை முடித்தான். மலாயில் அச்சான்றிதழின் சுருக்கப் பெயர் எஸ்.கே.எம். நூற்றைம்பதுக்குக் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளியையும் மலாயில் எஸ்.கே.எம். என்றே சுருக்கி அழைப்பார்கள். ஓர் எஸ்.கே.எம்.மில் படித்து இன்னோர் எஸ்.கே.எம். வாங்கியவன் என்று அவனைக் கேலி செய்வதுண்டு. இப்போது ஒரு தகரக் கொட்டகையில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறான்.

சனிக்கிழமை காலை வண்டியைக் கொண்டுபோனோம். அவன் உடனே எதையும் கழற்றவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினின் அடிப்பகுதியில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டான். பிறகு பின்பக்கம், எஞ்சினும் கியர் பெட்டியும் சேருமிடத்தில் வைத்துக் கேட்டான். பிரேக்கை அழுத்தியபடி கியரை நியூட்ரலிலும் டியிலும் மாற்றச் சொன்னான். டியில் போட்டதும் ஓசையின் தன்மை மாறியது.

அடுத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டீசல் குழாயின் திருகை ஒவ்வொரு சிலிண்டராகச் சற்றே தளர்த்தி இறுக்கினான். தளர்த்தும்போது அந்தச் சிலிண்டர் எரியாமல் நின்றுவிடும். பேரிங்தான் தட்டுகிறது என்றால் பழுதான சிலிண்டர் நிற்கும்போது ஓசையும் குறைய வேண்டும். நான்கையும் சோதித்தாயிற்று, ஓசை குறையவில்லை. (பழைய முறை பம்ப் உள்ள டீசல் எஞ்சினில் மட்டுமே இதைச் செய்யலாம். புதிய காமன் ரெயில் எஞ்சின்களின் குழாயில் அழுத்தம் மிக அதிகம். அதைத் திறந்தால் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வீட்டில் யாரும் முயல வேண்டாம்.)

"ஐயா, எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. சத்தம் பின்னாடி இருந்து வருது. ப்ளெக்ஸ் பிளேட்டா இருக்கும்" என்றான்.

நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அதன்பின் மருந்தைத் தேடு என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் சொன்ன வரிசையை நாம் ஆண்டுதோறும் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அவ்வரிசை மாறாமல் ஒருவன் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்கு அன்றுதான் கிடைத்தது.

அந்தத் தட்டு என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கையால் கியர் மாற்றும் வண்டியில் எஞ்சினின் பின்முனையில் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று இருக்கும். தானியங்கி வண்டியில் அச்சக்கரம் இல்லை. அதனிடத்தில் எண்ணெய் நிரம்பிய உருண்டைக் கலம் ஒன்று இருக்கிறது. முறுக்குவிசை மாற்றி என்று தமிழில் சொல்லலாம். எஞ்சின் கலத்தின் ஒரு பக்கத்தைச் சுற்ற, உள்ளிருக்கும் எண்ணெய் சுழன்று மறுபக்கத்துச் சக்கரத்தைத் தள்ளும். இரும்பும் இரும்பும் நேரடியாகப் பிடித்துக்கொள்ளாமல், நடுவில் எண்ணெய் நின்று விசையைக் கடத்துகிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905ஆம் ஆண்டு கப்பல்களுக்காகக் காப்புரிமை பெற்ற கருத்து இது. கப்பலுக்கு வந்தது பிறகு மகிழுந்துக்கு வந்து, இன்று செம்பனைக் குலை ஏற்றும் வண்டி வரை இறங்கியிருக்கிறது.

கலத்தையும் எஞ்சினின் கிராங்க் தண்டையும் இணைப்பதுதான் நம் தட்டு. இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள வட்டமான எஃகுத் தகடு, அவ்வளவே. நடுவில் உள்ள துளைகள் வழியே கிராங்க் தண்டோடும், வெளி வட்டத்துத் துளைகள் வழியே கலத்தோடும் முடுக்கியிருப்பார்கள். விளிம்பில் ஸ்டார்ட்டர் கடித்துச் சுற்றும் பற்கள். எஞ்சினின் முழு வலுவும் இத்தகட்டின் வழியேதான் போகிறது. அப்படியானால் ஏன் இவ்வளவு மெல்லியது? கலத்துக்குள் எண்ணெய் சூடேறி அழுத்தம் கூடும்போது அது சற்றே உப்பி முன்னும் பின்னும் அசையும். தகடு வளைந்து கொடுத்தால்தான் அந்த அசைவு கிராங்க் தண்டையும் கியர் பெட்டியின் பம்பையும் தாக்காது. சுழலும் திசையில் விறைப்பு, முன்பின் திசையில் நெகிழ்வு. பெயர்க் காரணமும் அதுவே. நான் இதை நெகிழ்தட்டு என்று எழுதுகிறேன்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, அடியிலிருந்த சிறு மூடியைத் திறந்து விளக்கடித்துக் காட்டினான். எஞ்சினின் முன்பக்கத்து போல்ட்டில் ஸ்பேனர் போட்டு மெல்லச் சுற்ற, தகடு கண்முன்னே சுழன்றது. நடுத் துளைகளைச் சுற்றிச் செந்தூரம் போன்ற துருப்பொடி. ஈரத்தால் வந்த துரு அன்று. இரும்போடு இரும்பு உரசி உதிர்ந்த பொடி. ஸ்குரூ டிரைவரால் நெம்பியபோது தகட்டின் நடு அசையாமல் நிற்க, வெளிவட்டம் மட்டும் அசைந்தது. உரிமையாளர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே போய் நின்றார்.

அந்தத் தகட்டின் விலை முந்நூற்றுச் சொச்சம் ரிங்கிட். ஆனால் அதைத் தொட வேண்டுமானால் கியர் பெட்டி முழுவதையும் இறக்க வேண்டும். கிள்ளானில் சொல்லிவைத்து நான்கு நாள் காத்திருந்தோம். பழைய வண்டியிலிருந்து கழற்றிய தகடு பாதி விலைக்குக் கிடைக்கும் என்று கடைக்காரர் சொன்னதை அவன் ஏற்கவில்லை. மயிரிழை வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, இன்னொரு முறை பெட்டியை இறக்கும் கூலி யார் தருவது என்று கேட்டான். சரியான கேள்வி. அந்நான்கு நாளும் பிள்ளைகளை நானும் சக ஆசிரியை ஒருவரும் மாறி மாறி ஏற்றி வந்தோம்.

அடுத்த சனிக்கிழமை நான் மீண்டும் சென்றேன். கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. நான் படித்துச் சொல்ல அவன் வேலை செய்தான். சக்கரங்களுக்குப் போகும் நீள்தண்டுகள், எண்ணெய்க் குழாய்கள், கியர்க் கம்பி, ஸ்டார்ட்டர் எல்லாம் கழன்றன. கலத்தைத் தகட்டோடு பிணைக்கும் ஆறு போல்ட்டுகளை, எஞ்சினைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாகத் துவாரத்தின் முன் வரவழைத்துக் கழற்றினான். பிறகு கியர் பெட்டிக்கென்றே உள்ள ஜாக்கியை அடியில் கொடுத்து, பெட்டியைப் பின்னோக்கி இழுத்து இறக்கினார்கள். கலம் நழுவி விழாமல் ஒருவர் பிடித்துக்கொண்டே இருந்தார். அப்படியும் சிவப்பு எண்ணெய் தரையெங்கும் சிந்தியது.

தகட்டைக் கழற்றியபோது ஏறக்குறைய முக்கால் வட்டத்துக்கு வெடிப்பு. ஒரு போல்ட் துளையிலிருந்து அடுத்த துளைக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு, புள்ளிக் கோலத்துக்கு இழை இழுத்தாற்போல ஓடியிருந்தது. இன்னும் சில நாள் ஓடியிருந்தால் தகடு இரண்டாகப் பிரிந்திருக்கும். வண்டி நின்ற இடத்தில் நின்றிருக்கும். அது பள்ளிப் பாதையாக இருந்தால் பரவாயில்லை. ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் பின்னால் லாரி வரும்போது நின்றிருந்தால்?

அவன் அதோடு விடவில்லை. தகடு ஏன் வெடித்தது என்று தேடினான். எஞ்சினின் பின்முகத்தில் இரண்டு சிறு முளைகள் இருக்க வேண்டும். கியர் பெட்டி எஞ்சினோடு நேர்க்கோட்டில் அமர்வதற்கு அவையே சாட்சி. போல்ட்டுகள் இறுக்குமே ஒழிய நேர்ப்படுத்தா. போல்ட் துளைகளில் சிறிது இடைவெளி உண்டு. இந்த வண்டியில் ஒரு முளைதான் இருந்தது. முன்னொரு காலத்தில் பெட்டியைக் கழற்றிய யாரோ மற்றொன்றைத் தொலைத்துவிட்டு அப்படியே மாட்டியிருக்கிறார்கள். வண்டியை இரண்டாம் கையாக வாங்கிய இவருக்கு அது தெரிய வழியில்லை.

இங்கே எனக்குள் இருந்த கணித ஆசிரியர் விழித்துக்கொண்டார். எஞ்சின் நின்றபடி ஓடும்போது நிமிடத்துக்கு 750 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 45,000. ஓட்டத்தில் 2,000 சுற்று என்றால் மணிக்கு 1,20,000. பெட்டி மயிரளவு கோணலாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் தகடு ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. காகிதச் செருகியை ஆட்டி ஆட்டி உடைக்காத பிள்ளை உண்டா? அதே வேலைதான். போதாக்குறைக்குச் சேற்றில் சுழன்ற சக்கரம் திடீரெனப் பிடிக்கும்போது விழும் அதிர்ச்சி வேறு. உலோகம் களைத்துவிட்டது.

மாட்டும் வேலையில்தான் அதிகக் கவனம் தேவைப்பட்டது. புதிய தகட்டின் பற்களை எண்ணிப் பழையதோடு ஒப்பிட்டான். எந்த முகம் எஞ்சின் பக்கம் என்பதைக் கையேட்டில் இருமுறை படிக்கச் சொன்னான். பெட்டி வெளியே இருக்கும்போதே மாற்றிவிடலாம் என்று எஞ்சினின் பின்பக்க எண்ணெய் அடைப்பு வளையத்தையும் மாற்றினான்; தொலைந்த முளைக்குப் புதிய முளை. போல்ட்டுகளுக்குப் பூட்டுப் பசை தடவி, எதிரெதிராக, அளவுகோல் உள்ள ஸ்பேனரால் படிப்படியாக இறுக்கினான். எவ்வளவு இறுக்கம் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். ஆகவே இங்கு எண் தரவில்லை.

கலத்தைப் பெட்டியில் அமர்த்துவதுதான் ஆபத்தான படி என்றான். தள்ளிக்கொண்டே சுழற்ற வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக 'டக்' என்று உள்ளே இறங்கும். கடைசியாகப் பம்பின் பிடிக்குள் அமர வேண்டும். அமராமலேயே பெட்டியை எஞ்சினோடு வைத்து போல்ட்டால் இழுத்தால் பம்ப் உடைந்துபோகும். அவன் குறுக்கே ஒரு நேர்க்கோலை வைத்து ஆழத்தை அளந்தான். இரண்டும் சேரும்போது கைத்தள்ளலிலேயே முகத்தோடு முகம் ஒட்ட வேண்டும். கலத்துக்கும் தகட்டுக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்க வேண்டும். கலம் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும். சுற்றியது. அதன்பிறகே போல்ட்டுகளைத் தொட்டான்.

ஞாயிறு மாலை எண்ணெய் ஊற்றி, பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியரையும் ஒருமுறை போட்டுப் பார்த்து, சூடான பிறகு அளவுக்கோலை இழுத்துப் பார்த்து மீண்டும் ஊற்றினான். தட்டும் ஓசை இல்லை. தகடு, வளையம், எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரிங்கிட்டுக்குள் முடிந்தது. பாதியை அன்றும் மீதியை இரண்டு தவணையிலும் வாங்கிக்கொண்டான். "எஞ்சினையே மாத்தியிருந்தாலும் அந்த முளை இல்லாம இன்னொரு தகடு வெடிச்சிருக்கும் மாமா" என்று உரிமையாளரிடம் சொன்னான். மாற்றப் பாரத்தைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை, நானும் நினைவூட்டவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் தானியங்கி வண்டியில் இப்படி ஓசை கேட்டால், எஞ்சின் போயிற்று என்று எவரேனும் சொன்னவுடன் பணத்தை எடுக்காதீர்கள். அடிமூடியைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அது அரைமணி நேர வேலை.

பழைய தகட்டைக் கேட்டு வாங்கி வந்து பள்ளியில் வைத்திருக்கிறேன். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அதைக் காட்டி, 1954ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து இலண்டன் நோக்கிச் சென்ற கொமெட் ஜெட் விமானம் எல்பா தீவருகே கடலில் விழுந்து 35 பேரும் மாண்ட செய்தியைச் சொன்னேன். காரணம் அறிய, இன்னொரு கொமெட் விமானத்தின் உடலை நீர்த்தொட்டியில் மூழ்கவைத்து மீண்டும் மீண்டும் அழுத்தம் கொடுத்தார்கள். ஒரு சன்னலின் மூலையில் வெடித்தது.

பிக்-அப்பில் வரும் நால்வரில் மூத்தவள் தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏன் ஐயா, எல்லா வெடிப்பும் ஓட்டையிலேயே ஆரம்பிக்குது?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை. பழைய தேர்வுத் தாள்களை நீள நீளமாகக் கிழித்துக் கொடுத்து, பாதித் தாள்களில் நடுவே ஒரு துளை போட்டு, இரு பக்கமும் பிடித்து இழுக்கச் சொன்னேன். மணி அடித்த பிறகும் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.